என் தோட்டத்துக்கு மேலே மின்கம்பி போக என் சம்மதம் வேண்டாமா?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 61 வயது விவசாயி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் இது. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 4 ஏக்கர் 60 சென்ட் நிலம். பாதியில் தென்னை, மீதியில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் வரும்போது மக்காச்சோளம், காய்கறி. தோட்டத்துச் சாளையில் மனைவி, மகள், நாலு வயதுப் பேத்தியோடு குடியிருக்கிறார். காற்றாலை மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் கொண்டுபோக 400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று வருகிறது. தோட்டத்தின் நடுவே சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கம்பி போகும். ஒரு கோபுரமும் அவர் நிலத்திலேயே நிற்கும். 52 தென்னைகளை வெட்ட வேண்டும் என்று அளந்து குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாளையிலிருந்து 60 மீட்டரில் கம்பி. மின்பாதை அமைக்கும் நிறுவனத்தின் ஆட்கள் 2 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, 'சம்மதக் கடிதம்' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

"என் பட்டா நிலத்தில் என் அனுமதி இல்லாமல் ஒரு குழிகூட வெட்ட முடியாது அல்லவா? பக்கத்து ஊரில் இதே மாதிரி கம்பிக்கு அடியில் ராத்திரி டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறது, நானே பார்த்தேன். அப்படியானால் மின்சாரம் கசிகிறதுதானே? பேத்திக்குப் புற்றுநோய் வந்தால் யார் பொறுப்பு? கேரளாவில் மட்டும் நிலத்துக்கடியில் கேபிள் போட்டார்களே, நாங்கள் என்ன பாவம் செய்தோம்? ஊரில் வேலையைத் தடுத்து உட்காரப் போகிறார்கள், நானும் போகட்டுமா?" என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பெங்களூருவில் பொறியாளராக இருக்கும் மகன், "காற்றாலை வேண்டும், கம்பி வேண்டாம் என்றால் எப்படி அப்பா? நீங்கள் விஞ்ஞானத்துக்கே எதிராகப் பேசுகிறீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு வேலை: அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் நகலை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை நீங்கள் நிறுத்தியிருக்கும் இரண்டு தூண்களும், அதாவது சம்மதமும் புற்றுநோயும், நீதிமன்றத்தில் உங்களைத் தாங்காது. தாங்கக்கூடிய தூண் வேறு ஒன்று இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

சம்மதம் என்ற கேள்வி

பட்டா நிலத்தில் சொந்தக்காரரைக் கேட்காமல் யாரும் நுழையக் கூடாது என்பது பொது விதி. மின்பாதைக்கு அதில் ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரத்தை மின்பாதை அமைப்பவருக்கு வழங்க அரசை அனுமதிக்கிறது. தந்தி சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தை நீக்கும்போதுகூட, மின்பாதைகளுக்காக அந்தப் பகுதியை மட்டும் தொடர வைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிய அதிகாரத்தில்தான் இன்றைக்கு 400 கிலோவோல்ட் கோபுரம் நிற்கிறது. இது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். இந்த அதிகாரம் பெற்றவர் நிலச் சொந்தக்காரரின் முன்சம்மதத்தைப் பெற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அதனால் உங்கள் முதல் கேள்வி, "சம்மதம் கேட்டார்களா?" என்று இருக்கக் கூடாது. "உங்களுக்கு 164-ஆவது பிரிவில் அதிகாரம் தந்த அரசாணை எங்கே?" என்று கேளுங்கள். எல்லா மின்பாதைக்கும் இது தானாக வந்துவிடாது. அந்த ஆணை இல்லாவிட்டால் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி சொந்தக்காரரின் சம்மதம் தேவைப்படும், அவர் மறுத்தால் ஆட்சியரின் எழுத்து அனுமதியாவது வேண்டும். அப்போது உங்கள் கேள்விக்கு வலு உண்டு. நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள். பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பெரிய மின்பாதைகளுக்குப் பெரும்பாலும் இந்த ஆணையை வாங்கியே வருகிறார்கள், அதனால் இதிலேயே ஜெயித்துவிடலாம் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

சரி, ஆணை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிலம் அவர்களுடையது ஆகிவிடாது. தந்திச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அவர்களுக்குக் கொடுப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். கோபுரக் கால்களுக்கு நடுவில் இருக்கும் மண்கூட உங்களுடையதுதான். அதே பிரிவு இரண்டு கடமைகளையும் அவர்கள் தலையில் வைக்கிறது: முடிந்தவரை குறைவான சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். உங்கள் வழக்கு இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

டியூப்லைட்டும் பேத்தியும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளுக்காக இதைப் பற்றி நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

டியூப்லைட் எரிவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் கசிவு இல்லை. உயர் அழுத்தக் கம்பியைச் சுற்றி ஒரு மின்புலம் இருக்கும். கம்பிக்கு நேர் கீழே நின்று குழல் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். குழலுக்குள் இருக்கும் வாயு மினுங்குவதற்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும், அதனால் இருட்டில் எரிவதுபோல் தெரியும். கம்பியிலிருந்து மின்சாரம் ஒழுகி உங்கள் வயலில் பாய்கிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் அதே மின்புலத்தால் கம்பிக்குக் கீழே இருக்கும் கம்பிவேலி, தகரக் கொட்டகை, நிறுத்தி வைத்த டிராக்டர் ஆகியவற்றைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கலாம். வேலிக்கும் கொட்டகைக்கும் நில இணைப்பு (எர்த்) செய்து தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டு வாங்க வேண்டிய விஷயம் அது.

அடுத்தது புற்றுநோய். இந்தப் பயம் எங்கிருந்தோ வந்த வதந்தி இல்லை. 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து தொடங்குகிறது. மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். பிறகு பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேலான காந்தப்புலத்தில் தொடர்ந்து வாழும் குழந்தைகளிடம் இலேசான தொடர்பு தெரிந்தது. அதனால் 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை '2பி' வகையில், 'ஒருவேளை காரணமாக இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. கற்றாழை முழு இலைச் சாறும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை என்பதே அந்தப் பட்டியலின் பொருள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, மின்பாதையிலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளிடம் இந்த நோய் சற்று அதிகம் என்றது. ஆனால் கம்பியின் காந்தப்புலம் எட்டவே எட்டாத 600 மீட்டர் வரைக்கும் கொஞ்சம் கூடுதல் தெரிந்ததால் ஆய்வாளர்களுக்கே அது புதிராக இருந்தது. பிறகு அதே தரவை நீட்டித்துப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் பழைய பத்தாண்டுகளில் இருந்து, பின்னால் வந்த ஆண்டுகளில் மறைந்துபோனது. காரணம் காந்தப்புலம் என்றால் அது மறைந்திருக்கக் கூடாது.

உங்கள் சாளை 60 மீட்டரில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 400 கிலோவோல்ட் பாதையின் காந்தப்புலம் சாதாரணமாக ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழேதான் இருக்கும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. அந்த வரம்பு உடனடி விளைவுகளுக்கானது, நீண்ட கால விளைவைச் சொல்லவில்லை என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி ஒரு மின்பாதையை நிறுத்தும் அளவுக்குச் சான்று கையில் இல்லை. பேத்திக்கு நோய் வரும் என்று நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம் என்றே சொல்வேன். மனம் சமாதானமாக வேண்டும் என்றால், கம்பியில் மின்சாரம் பாயத் தொடங்கிய பிறகு குழந்தை தூங்கும் அறையில் காந்தப்புலத்தை அளந்து காட்டும்படி நிறுவனத்தையே கேளுங்கள். அளக்கும் கருவி கையடக்கமானதுதான்.

செல்போன் கோபுரத்தால் பறவைகள் சாவதாகக் காட்டிய ஒரு படத்தையும் குறிப்பிட்டிருந்தீர்கள். செல்போன் அலை நொடிக்குப் பல கோடி முறை அதிர்வது. நம் மின்கம்பியில் ஓடுவது நொடிக்கு 50 முறை மட்டும் மாறுவது. இரண்டும் உடம்பில் செயல்படும் விதமே வேறு. அந்தப் படத்தில் பார்த்ததை மனுவில் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. தேங்காய் பறிக்கும் அலுமினியத் தொரட்டி. போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது நேராக நிற்கும் இரும்புக் குழாய். கம்பிக்கு அடியில் மட்டையும் சருகும் குவித்துத் தீ வைப்பது. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், இத்தனை உயர் அழுத்தத்தில் நெருங்கினாலே மின்சாரம் தாவும். நெருப்பும் புகையும் அதற்கு வழி போட்டுக் கொடுக்கும். வேலைக்கு வரும் ஆட்களுக்கு, குறிப்பாக வெளியூரிலிருந்து வரும் போர்வெல் வண்டிக்காரர்களுக்கு, இதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் போர்வெல் அந்தக் கம்பிப் பாதைக்குள் வந்தால் அதற்கு மாற்றாகப் புதுக் குழி போடும் செலவையும் இழப்பீட்டில் கேளுங்கள்.

கேரளாவில் நிலத்தடியில் போட்டார்களே?

நீங்கள் சொல்வது புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் பாதை, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கேரள எல்லைக்குள் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. உண்மைதான். ஆனால் அது ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம் (டி.சி.). உங்கள் நிலத்தில் வருவது திசை மாறி மாறி ஓடும் மாறு மின்சாரம் (ஏ.சி.). மாறு மின்சாரத்தை நீண்ட கேபிளில் அனுப்பினால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கிபோல ஆகிவிடும். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அதை நிரப்பிக் காலி செய்யவே மின்னோட்டத்தின் ஒரு பகுதி போய்விடும். தூரம் கூடக் கூட, கடைசியில் பயனுள்ள மின்சாரத்துக்கு இடமே இருக்காது. சென்னை நகருக்குள் 230 கிலோவோல்ட் கேபிள்கள் நிலத்தடியில் ஓடுவது தூரம் குறைவு என்பதால்தான். செலவும் பல மடங்கு. அது போக, கேபிள் போட்ட இடத்துக்கு மேலேயும் நீங்கள் தென்னை வைக்க முடியாது.

அதனால் "முழுப் பாதையையும் நிலத்தடியில் போடு" என்ற கோரிக்கை ஊர்க்கூட்டத்தில் கைதட்டல் வாங்கும், பொறியாளர் முன்னால் நிற்காது. நிற்கக்கூடிய கோரிக்கை ஒன்று சொல்கிறேன். கோபுரத்தைக் கம்பி போகும் திசையிலேயே முன்னேயோ பின்னேயோ சில மீட்டர் நகர்த்துவது அவர்களுக்குச் சுலபம். பக்கவாட்டில் நகர்த்தினால் கம்பி வளையும், வளையும் இடத்தில் அதிக வலுவுள்ள, விலை கூடிய கோபுரம் வேண்டும், அதனால் மறுப்பார்கள். உங்கள் வரைபடத்தைப் பார்த்தால், கம்பித் திசையில் கொஞ்சம் தள்ளினால் கோபுரம் நடு நிலத்திலிருந்து வரப்போரத்துக்கு வந்துவிடும்போல் தெரிகிறது. புல வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, "முடிந்தவரை குறைவான சேதம்" என்ற சட்ட வாசகத்தைச் சுட்டிக்காட்டி, அடித்தளம் தோண்டுவதற்கு முன்னாலேயே ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் பயனில்லை.

இரண்டு லட்சம் என்ற கணக்கு

இனி உங்களைத் தாங்கக்கூடிய தூணுக்கு வருவோம்.

2015-இல் மத்திய மின்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை மாற்றினார்கள். இப்போது கோபுர இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம். கோபுர இடம் என்பது நாலு கால்களுக்கு இடைப்பட்ட பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்தது. பயிருக்கும் மரத்துக்கும் தர வேண்டியது தனி, அதை இதற்குள் அடைக்கக் கூடாது. இது சட்டம் இல்லை, வழிகாட்டுதல். மாநில அரசுகள் தங்கள் ஆணை மூலம் ஏற்றுக்கொள்ள வேண்டியது. உங்கள் பாதைக்கு எந்த ஆணை பொருந்தும் என்பதையும் அதே பதிவுத் தபாலில் கேளுங்கள்.

உங்கள் நிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோவோல்ட் பாதையின் அகலம் சுமார் 46 மீட்டர். நீளம் 120 மீட்டர். பெருக்கினால் 5,520 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 136 சென்ட். கோபுரக் கால்களின் இடைவெளி 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இருபுறமும் ஒரு மீட்டர் சேர்த்து 17-க்கு 17, சுமார் 7 சென்ட். உங்கள் பகுதியில் ஏக்கர் 40 லட்சத்துக்கு விலை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சென்ட்டுக்கு 40,000 ரூபாய். கோபுர இடத்துக்கு இரண்டு மடங்கு என்றால் 5 லட்சத்து 60 ஆயிரம். மீதி 129 சென்ட்டுக்கு 30 சதவீதம் என்றால் சுமார் 15 லட்சத்து 48 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 21 லட்சத்தைத் தாண்டுகிறது. 52 தென்னைகளுக்கான தொகை இதில் சேரவில்லை.

இப்போது அதே கணக்கைப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பில் போடுங்கள். ஏக்கருக்கு 8 லட்சம்தான் என்று இருந்தால், மொத்தமே 4 லட்சத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஆகவே சண்டை சதவீதத்தில் இல்லை ஐயா, 'நில மதிப்பு' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த கூடுதல் வழிகாட்டுதல், மதிப்பீட்டாளர்களை வைத்துச் சந்தை விலையைக் கண்டறியும் முறையையும் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நம் பக்கத்தில் கிரயப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுப் பதிவு செய்யும் பழக்கம் இருக்கிறது. அது இந்த மாதிரி நேரத்தில்தான் நம்மைத் திருப்பி அடிக்கிறது. உண்மையான விலை போட்டுப் பதிவான பத்திரம், வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கை என்று அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று கிடைத்தாலும் போதும், தேடிப் பிடியுங்கள்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். அந்தத் தாளில் 'முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரி இருந்தால், 2 லட்சத்தோடு கதை முடிந்தது என்று வாதாடுவார்கள். பணத்தை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. 'போதாது என்ற ஆட்சேபத்துடன், மேலும் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். அப்படி எழுத விடமாட்டேன் என்றால் அந்தப் பணம் அங்கேயே இருக்கட்டும்.

தொகை போதவில்லை என்றால் தந்திச் சட்டம் 16-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். 2007-இல் கேரள மின்வாரிய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும்: இழப்பீட்டுக்கு ஒரே சூத்திரம் கிடையாது, நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு தூரம் போகிறது, ஓரமாகப் போகிறதா நடுவே போகிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும், நிலத்தின் மதிப்புக் குறைவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் நிலத்தில் நட்டநடுவே போகிறது. இந்த மனுவுக்குக் கால வரம்பு மூன்று ஆண்டு என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் தீர்மானித்திருக்கிறது. 'வேலை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டு நாலாம் வருடம் வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் செய்ய எதுவும் இருப்பதில்லை.

வேலையைத் தடுக்கும் போராட்டம்

ஊரோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள், குறைதீர் கூட்டத்தில் பேசுங்கள், அமைதியாக உண்ணாவிரதம் இருங்கள். தனியாக ஒருவர் கேட்டால் கிடைக்காத விலை, நாற்பது பேர் ஒரே கணக்கோடு போனால் கிடைத்திருக்கிறது. ஆனால் எந்திரத்தின் முன்னால் படுப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நீங்கள் தடுத்தால், அவர்கள் தந்திச் சட்டம் 16-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் போவார்கள். ஆட்சியர் அனுமதி ஆணை கொடுத்த பிறகும் தடுத்தால் அது குற்றம். வழக்கு உங்கள் பேரில் வரும். 61 வயதில் வாய்தாவுக்கு அலைவது இழப்பீட்டு வழக்குக்கு எந்த உதவியும் செய்யாது.

மாறாக, ஆட்சியர் முன் நடக்கும் அந்த விசாரணையை உங்களுக்குக் கிடைத்த மேடையாகப் பாருங்கள். கோபுரத்தை நகர்த்தும் மனு, நில மதிப்புக்கான ஆவணங்கள், போர்வெல் இருக்கும் இடம் என எல்லாவற்றையும் அங்கே எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பிறகு மாவட்ட நீதிபதியிடம் போகும்போது அதுதான் உங்கள் முதல் ஆவணமாக இருக்கும்.

உங்கள் மகனைப் பற்றி

சட்டம் கேட்டு எழுதினீர்கள், ஆனால் கடைசிப் பக்கம்தான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் காற்று உங்கள் பக்கமும், முப்பந்தல் காற்று தெற்கிலும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசுகிறது. அந்த மின்சாரத்தை எடுத்துப்போகக் கம்பி போதாமல் காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொன்ன காலமும் இருந்திருக்கிறது. நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்றால் கம்பி வேண்டும். உங்கள் இலவச பம்புசெட்டுக்கும் இதே மின்தொகுப்பிலிருந்துதான் மின்சாரம் வருகிறது.

ஆனால் அவர் ஒன்றைப் பார்க்கவில்லை. சுத்தமான மின்சாரம் ஊருக்கே நல்லது என்றால், அதன் விலையை ஊரே கொடுக்க வேண்டும். 52 தென்னை என்பது உங்களுக்கு மாதா மாதம் வரும் வருமானம், அது திரும்பக் காய்க்கக் குறைந்தது ஐந்தாறு வருடம் ஆகும், அந்த இடத்தில் இனி தென்னையே வைக்கவும் முடியாது. அந்த நஷ்டத்தை 2 லட்சத்தில் மூடிவிட்டு, கேட்பவரை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்வது நியாயமில்லை. முழு இழப்பீடு கேட்பவர் விஞ்ஞானத்தை எதிர்க்கவில்லை. இழப்பீட்டைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்திருந்தால் பல ஊர்களில் வேலை தடைப்பட்டே இருக்காது என்பது என் அனுபவம்.

நீங்களும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். கசிவு, புற்றுநோய் என்று பேசும்போது அவர் படித்த பாடத்தோடு மோதுகிறீர்கள். அங்கே அவர் நகர மாட்டார். அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு மேலே போட்ட கணக்கை அவர் கையில் கொடுங்கள். கணக்கு அவர் மொழி. சென்ட்டுக்கு என்ன விலை, எத்தனை மீட்டர் அகலம், எந்த ஆணை என்று அவரே தோண்டி எடுப்பார். தகவல் கேட்கும் மனுவை அங்கிருந்தே இணையத்தில் அனுப்பவும் அவரால் முடியும்.

மரம் வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது, அதற்கும் அவர்தான் தேவை. அடுத்த விடுமுறைக்கு அவரைத் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 52 தென்னைக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, எண்ணும் குலையும் தெரியும்படி ஒவ்வொன்றையும் தேதியோடு போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மரத்தின் வயது, ஒரு பறிப்புக்கு எத்தனை காய் என்பதைப் பக்கத்தில் நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் நடப்பு அடங்கலில் தென்னை எண்ணிக்கை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலர் மதிப்புப் போட வரும் நாளில் இருவரும் கூடவே நில்லுங்கள். அவர் எழுதும் எண்ணிக்கை உங்கள் பட்டியலோடு ஒத்துப்போன பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.